பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்கு

உலகத்தில் யோசனை சொல்லுகிறவர்களுக்கு ஒரு காலத்திலும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. மழை பொய்க்கலாம், ஏரி வற்றலாம், ஆனால் ஒரு வீட்டில் கல்யாணம் என்றாலும் காய்ச்சல் என்றாலும் யோசனை மட்டும் கரை புரண்டு வந்து சேர்ந்துவிடும். அதிலும் ஒரு பிள்ளை பட்டாளத்தில் சேரப் போகிறான் என்று தெரிந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் குறி வைக்கும் வித்தையைப் போதிப்பார்கள். தெருக்கோடி வரையில் நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள் ஓட்டத்தின் இரகசியத்தை உபதேசிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தான். ஆனால் எனக்கு ஒரு சிறு பாத்தியதை உண்டு. 1979-ம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையத்தில் நான் ரங்ரூட்டாக இருந்தவன். "ரங்ரூட்" என்பது ஏதோ பயங்கரமான பிராணியின் பெயர் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். "ரெக்ரூட்" என்ற இங்கிலீஷ் வார்த்தைதான் ஹிந்துஸ்தானிச் சிப்பாய்களின் வாயில் அகப்பட்டு, அடிபட்டு, உருண்டு, இப்படி ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிற பிள்ளையின் கதையும் ஏறக்குறைய அதுவேதான். ஆறு ஏழு மாதம் அடிபட்டு உருண்ட பிறகு, பெற்ற தாய்க்கே சட்டென்று அடையாளம் தெரியாதபடி மாறி விடுகிறான்.

என் சொந்த ஊர் உத்திரமேரூர்ப் பக்கம். என் மனைவி பிறந்த ஊர் காஞ்சீபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூர். அவளுடைய தமையனார் மகனுக்கு வயது பத்தொன்பது. சமீபத்தில் அவனுக்குப் பட்டாளத்தில் இடம் கிடைத்து, வெலிங்டனுக்கு வந்து சேரும்படி உத்தரவும் வந்துவிட்டது. எழுத்துப் பரீட்சையில் தேறி, ஒரு மைலுக்குச் சமமான 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி, கம்பியில் பத்துத் தடவை உடம்பைத் தூக்கி, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டி, வைத்தியர்கள் பல்லையும் பாதத்தையும் பார்த்துச் சரி என்று சொல்லி, இவ்வளவும் ஆன பிறகு வந்த உத்தரவு அது. வீட்டில் ஒரே குதூகலம். பையன் முகத்தில் மட்டும் அந்தக் குதூகலத்தைக் காணவில்லை.

அவனுடைய தாயார் என்னைத் தனியே அழைத்து, "அண்ணா! அங்கே சோறு போடுவார்களா, எப்போது பார்த்தாலும் சப்பாத்திதானா?" என்று கேட்டாள். "அம்மா! அது மதராஸ் ரெஜிமெண்ட். தமிழனும் மலையாளியும் தெலுங்கனும் கன்னடியனும் கூடியிருக்கிற இடத்தில் சோறும் சாம்பாரும் இல்லாமல் எப்படியம்மா பட்டாளம் நடக்கும்?" என்றேன். அவளுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மறு பாதியை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பையனுடைய கவலை வேறு. மாலையில் வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது அவனே மெல்ல ஆரம்பித்தான்.

"ஏன் மாமா! அங்கே தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டால் ஊரிலே சிரிப்பார்கள், இல்லையா?"

அவன் சாவுக்குப் பயப்படவில்லை, குண்டுக்குப் பயப்படவில்லை, ஊர்ச் சிரிப்புக்குப் பயந்தான்! இதைக் கேட்டு யாரும் ஏளனமாக எண்ணக் கூடாது. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரவில் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பயந்தான் என்பதை நான் பல வருஷ அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

நாங்கள் நடந்துகொண்டிருந்த பூமி சாமான்யமான பூமியல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனுக்கும் வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த சாளுக்கியப் புலிகேசிக்கும் இங்கே யுத்தம் நடந்தது. புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 634-ம் வருஷத்து ஐஹொளெக் கல்வெட்டோ, பல்லவ அரசனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்தவன் புலிகேசி என்று பெருமை பேசுகிறது. ஆகவே, இரண்டு கட்சியாரும் ஜயித்தார்கள்! உத்தியோகச் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய பாடம் அது.

அதற்குப் பிறகு 1780-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ந் தேதி, இதே இடத்தில் கர்னல் பெய்லியின் கம்பெனிச் சைன்யத்தை ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்து நிர்மூலமாக்கினார்கள். அந்தக் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்திலுள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய சித்திரமாக இன்றும் பார்க்கலாம். மறு வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி சர் அயர் கூட் வந்து இதே களத்தில் மீண்டும் ஹைதரோடு பொருதார். அந்தச் சண்டையில் மாண்ட கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு எழுப்பிய ஞாபகத் தூண்கள் புள்ளலூர் வயல்களின் நடுவே நிற்கின்றன.

பையன் சிறு வயது முதல் அந்தத் தூண்களின் நிழலில் விளையாடியவன். ஆனால் ஒரு விஷயத்தை அவன் கவனித்ததில்லை. அங்கே துரைகளுக்குத்தான் தூண். அவர்களோடு மாண்ட சிப்பாய்களுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. பெய்லியின் சைன்யத்தில் நாலாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டு மனிதர்கள். எதிர்த்து நின்ற சைன்யத்திலும் நம் மனிதர்களே. ஒரு பக்கத்தார் தூர தேசத்து வியாபாரிகளின் லாபத்துக்காக மாண்டார்கள். அவர்களிடம் வீரத்துக்கோ விசுவாசத்துக்கோ குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான்: யாருக்காக உயிரைக் கொடுக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

"மாப்பிள்ளை! உனக்கு அந்த உரிமை இருக்கிறது. பயிற்சி முடிகிற நாளில் தேசக் கொடிக்கு எதிரில் நின்று, இந்த நாட்டின் அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று நீ பிரமாணம் செய்வாய். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பாக்கியம் இந்த மண்ணில் விழுந்து கிடந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். மற்றக் கஷ்டங்களெல்லாம் கால் கொப்புளத்தைப் போன்றவை, வரும், போகும்" என்றேன்.

கொப்புளம் என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கொப்புளம் சிரிக்கக்கூடிய விஷயமல்ல. அதைப் பற்றியும் இன்னும் சிலவற்றைப் பற்றியும் அவனிடம் நான் சொன்னவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இதே பிரயாணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

முதலில் உடம்பைக் கவனிப்போம். புள்ளலூர் சமவெளி, வெலிங்டனோ கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊரில் ஐந்தரை நிமிஷத்தில் ஓடிய தூரத்தை அங்கே முதல் வாரத்தில் ஓடினால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். "நம்முடைய சக்தியெல்லாம் எங்கே போயிற்று?" என்று பையன்கள் கலங்கிப் போவார்கள். சக்தி எங்கும் போகவில்லை. உடம்பு மலைக்காற்றுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரையில் பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்க்காமல், நேற்று ஓடிய தன்னையே பார்த்து ஓட வேண்டும்.

பிரயாணத்துக்கு முன் கிடைக்கும் வாரங்களை வீணாக்கக் கூடாது. அதற்காக ஒரே நாளில் பத்து மைல் ஓடுவதும் கூடாது. தார் ரோட்டைவிட ஏரிக்கரை மண் நல்லது. இந்த வாரம் ஓடியதற்கு மேல் அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பில் மயிரிழை போல விரிசல் விடுவது உலகத்துச் சைன்யங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் சங்கடம். பழகாத எலும்பின் மேல் திடீரென்று பாரத்தை ஏற்றுவதே அதற்குக் காரணம். தசை சில வாரத்தில் பலப்படும். எலும்புக்கு மாதங்கள் வேண்டும். வீரன் என்று காட்டிக்கொள்வதற்காக எலும்பின் வேதனையை மறைக்கிறவன், கடைசியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். வலி ஒரே இடத்தில் நிலைத்து நின்று, நடக்கும்போதும் தொந்தரவு கொடுத்தால், தயங்காமல் வைத்தியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வலியைச் சொல்லுகிறவன் கோழையல்ல. வலி இல்லாமலே வலி என்று சொல்லுகிறவன்தான் கோழை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உஸ்தாத்களுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி கொடுக்கிறவருக்கு அங்கே "உஸ்தாத்" என்று பெயர்.

இனிப் பாதம். சிப்பாய்க்குப் பாதமே வாகனம். நகத்தை நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தைக் குடையக் கூடாது. நனைந்த காலுறையை மாற்றாமல் படுக்கப் போகக் கூடாது. புது பூட்ஸைக் கிடைத்த அன்றைக்கே அணிவகுப்புக்கு மாட்டிக்கொண்டு போகாமல், மாலை வேளைகளில் சிறிது நேரம் போட்டு நடந்து பழக்க வேண்டும். கொப்புளம் வந்தால் தோலைப் பிய்க்காதே. அந்தத் தோல்தான் கடவுள் கொடுத்த கட்டுத் துணி. வெந்நீரில் சுத்தம் செய்து, உலர்த்தி, மேலே மூடி வை.

அப்புறம் முடி. வந்து சேர்ந்ததும் நாவிதர் முன்னால் உட்கார வைப்பார்கள். இரண்டு நிமிஷத்தில் தலை உரித்த தேங்காயைப் போல் ஆகிவிடும். ஆறு மாதம் பராமரித்த கிராப்பு தரையில் கிடப்பதைப் பார்த்துக் கண் கலங்கிய பையன்களை நான் கண்டிருக்கிறேன். 1806-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி, நமக்கு அண்டையிலுள்ள வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு ஒரு காரணம், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும், தாடியை எடுக்க வேண்டும், நெற்றிக்குறி கூடாது என்று கம்பெனியார் போட்ட உத்தரவுதான். அந்தச் சிப்பாய்களின் ரோஷம் நியாயமானது; அந்நியன் அவர்களுடைய மானத்தின்மேல் கை வைத்தான். இன்று நம் பிள்ளைகளின் முடியை எடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஸ்ரீகாகுளத்துப் பையனும் கோட்டயத்துப் பையனும் புள்ளலூர்ப் பையனும், பணக்காரனும் ஏழையும், வித்தியாசமின்றி ஒரே மாதிரி நிற்பதற்கு அதுவே முதல் படி. முடி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். அந்தச் சமத்துவம் ஆயுள் முழுதும் நிற்கும்.

பாஷை விஷயமும் பலரைப் பயமுறுத்துகிறது. உத்தரவுகள் ஹிந்தியில் இருக்கும். "சாவ்தான்" என்றால் விறைத்து நிற்க வேண்டும். "விஷ்ராம்" என்றால் தளர்ந்து நிற்கலாம். எங்கள் வரிசையில் ஒரு பையன், "தாஹினே முட்" என்று வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் திரும்புவான். "பாயேன் முட்" என்று இடது பக்கம் திரும்பச் சொன்னால் வலது பக்கம் திரும்புவான். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்தவனோடு மூக்கும் மூக்குமாக முட்டிக்கொள்வான். உஸ்தாத் அவனுடைய வலது கையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். மூன்றாவது வாரத்தில் கயிறு அவிழ்ந்தது. பிற்பாடு அவனே சுபேதாராகி, பல நூறு பையன்களைத் திரும்பச் செய்தான்! ஆகையால் மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். ஊரிலேயே ஐம்பது வார்த்தை கற்றுக்கொண்டு போனால் முதல் மாதம் சுலபமாகக் கழியும். நம் மொழிக்கும் அங்கே இடமுண்டு. ரெஜிமெண்டின் போர் முழக்கமே "வீர மதராஸி! அடி கொல்லு! அடி கொல்லு!" என்பதுதான். அதற்கு ஹிந்தி வாத்தியார் தேவையில்லை.

மறுபடியும் புள்ளலூர்க் களத்துக்கு வருகிறேன். பயிற்சி நிலையத்தில் கற்றுக் கொடுக்கும் காரியங்களில் பாதி, வெளிப் பார்வைக்கு அர்த்தமற்றவையாகத் தோன்றும். படுக்கையின் ஓரம் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். பித்தளை பளபளக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் உடை மாற்றி வர வேண்டும். வந்ததும் வேறு உடை மாற்றி வா என்பார்கள். "இதற்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று மனம் முணுமுணுக்கும். சம்பந்தம் என்னவென்று பெய்லியின் கதை சொல்லுகிறது.

1780-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், வடக்கேயிருந்து வந்த பெய்லி கொசஸ்தலையாற்றின் கரையை அடைந்தபோது, ஆற்றைச் சுலபமாகக் கடந்திருக்கலாம். காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. பல நாட்கள் கரையில் காத்துக் கிடக்க நேர்ந்தது. அதற்குள் திப்பு சுல்தான் வந்து சேர்ந்துவிட்டார். ஆற்றைக் கடந்து, சண்டையிட்டுக்கொண்டே தெற்கு நோக்கி வந்து, துணைப்படையும் வந்து சேர்ந்த பிறகு, செப்டம்பர் 9-ந் தேதி இரவு, காஞ்சீபுரத்துக்கு ஏறக்குறைய பத்து மைல் தூரத்தில் மறுபடியும் நின்றார். விடிந்தபோது ஹைதரின் முழுச் சைன்யமும் சுற்றி நின்றது. "நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்ற எண்ணம் இரண்டு தடவை, அவ்வளவுதான்! ஆகவே, பூட்ஸுக்கு இன்று இரவே மெருகு போடு. நாளைக்கு வேண்டிய உடையை இன்றே எடுத்து வை. படுக்கும் முன் தண்ணீர்ப் புட்டியை நிரப்பு. அர்த்தமற்றதாகத் தோன்றும் அந்த அவசரமெல்லாம், ஆற்றை அன்றே கடக்கும் வழக்கத்தை உடம்பில் ஏற்றுவதற்காகத்தான்.

களத்தில் நடுப்பகலுக்கு முன் மற்றொரு விபத்து நேர்ந்தது. மைசூர்ப் பீரங்கிகளின் தாக்குதலில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதற்குப் பிறகு துப்பாக்கி இருந்தும் பயனில்லை. சிப்பாயின் சாமான்கள் அவனுக்கு இரண்டாவது உடம்பு என்பது இதனால் விளங்கும். இப்போதைய இன்சாஸ் துப்பாக்கி ஏறக்குறைய நான்கு கிலோ கனம். முதல் வாரத்தில் அது நான்கு மணங்கு போலத் தோன்றும். போகப் போகக் கையில் இல்லாவிட்டால்தான் எதையோ தொலைத்தாற்போல் இருக்கும். "சிந்தி" என்று பெயருள்ள துணித் துண்டைக் கயிற்றில் கோத்துக் குழாய்க்குள் இழுத்து, அழுக்கில்லாமல் வரும் வரையில் விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். யாரும் பார்க்காதபோது துப்பாக்கியைச் சுத்தம் செய்கிறவனே சிப்பாய். சுடும்போது மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மெதுவாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பும். கோபக்காரன் நல்ல குறிகாரனாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. பெய்லி சூழப்பட்டு நின்றபோது, ஸர் ஹெக்டர் மன்றோ பெரிய சைன்யத்துடன் காஞ்சீபுரத்தில் இருந்தார். பீரங்கி முழக்கம் அவர் காதிலும் விழுந்தது. காலம் கடந்து புறப்பட்டார். பெய்லியின் கதி தெரிந்ததும் திரும்பினார். கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ம் வருஷம் காலமானார். பக்கத்தில் இருந்தும் உதவிக்கு வராத தோழனால் ஒரு சைன்யம் அழிந்தது.

பயிற்சியிலும் அப்படித்தான். உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருக்கிற பையன் இரவில் போர்வைக்குள் அழுவான். அது உன் காதில் விழும். விழாதவன்போல் இருந்துவிடாதே. அவன் மொழி உனக்குத் தெரியாவிட்டாலும், காலையில் அவனுடைய படுக்கையின் மறு ஓரத்தைப் பிடித்து மடிக்கலாம். ஓட்டத்தில் பின்தங்கினால் அவனோடு சேர்ந்து இரண்டு எட்டு மெதுவாக ஓடலாம். எனக்கு அப்படிச் செய்தவன் ஒரு தெலுங்குப் பையன். அவனிடமிருந்து நான் கற்ற தெலுங்கு பத்து வார்த்தைதான்; ஆனால் நட்பு நாற்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. இதற்கு மறுபுறமும் உண்டு. நீ அழுகிற இரவும் ஒன்று வரும். அப்போது உதவிக்கு நீளும் கையை ரோஷத்தினால் தள்ளிவிடாதே.

சுகமான வீட்டில் வளர்ந்த பிள்ளைகளால் இதெல்லாம் முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1943-ம் வருஷத்தில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அழைத்தபோது முன்வந்தவர்கள் யார்? மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத தமிழ்ப் பெண்கள். ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த அந்தப் பெண்கள் சேலையை விட்டுக் காக்கியை அணிந்து, துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றார்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி தேவர் என்ற இளம்பெண் அந்தப் படையில் சேர்ந்து, அதன் தலைமையில் இரண்டாம் ஸ்தானம் வரை உயர்ந்தார். பயிற்சி என்பது பலசாலிகளைத் தேர்ந்தெடுக்கும் சல்லடை மட்டுமல்ல. சாதாரண மனிதர்களைப் பலசாலிகளாக்கும் உலைக்களமும் ஆகும்.

இப்போது மருமகனுடைய கேள்விக்கு நேரான பதில். திரும்பி வந்துவிட்டால் என்ன? ஒரு பரீட்சையில் தவறினவனை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. பின்வரும் அணியோடு சேர்த்து மறுபடியும் பயிற்சி கொடுப்பது வழக்கம். அப்படிச் சில வாரம் பின்தங்கிப் பிறகு முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம். உடம்பின் கோளாறினால் சிலர் திரும்பவும் நேரலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடல் தோற்பது வேறு, மனம் தோற்பது வேறு. மனம் தோற்பது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான். ஆகையால் ஆறு மாதத்தையும் சேர்த்து எண்ணிப் பார்க்காதே. காலை ஆகாரம் வரையில் தாங்குவேன் என்று சொல்லிக்கொள். பிறகு மத்தியானச் சாப்பாடு வரையில். பிறகு விளக்கு அணைக்கும் வரையில். இந்தக் கணக்கில் ஆறு மாதம் போவது தெரியாது. ஊர் சிரிக்குமே என்கிறாயா? சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் உன்னோடு அந்த ஏரிக்கரையில் ஒரு நாளாவது ஓடினார்கள்?

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவன் பதினைந்து வருஷம், அதற்கு மேலும் இருந்து, பென்ஷனோடு திரும்பினான். 2022-ம் வருஷம் ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் திட்டப்படி சேருகிறவர்களுக்கு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, நான்கு வருஷந்தான். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரமாக எடுத்துக் கொள்வார்கள் என்பது அந்த அறிவிப்பு. மற்றவர்கள் சேவா நிதி என்ற தொகையோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் கிடையாது. திட்டம் நல்லதா, கெட்டதா என்று பெரியவர்கள் விவாதித்துக் கொண்டிருக்கட்டும். இருபத்து மூன்று வயதில் மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்க நேரலாம் என்பதைப் பிள்ளை மட்டும் முதல் நாளே தெரிந்துகொண்டு போக வேண்டும். சம்பளம் கைக்கு வந்ததும் பெரிய மோட்டார் சைக்கிளை மாதத் தவணையில் வாங்குவதும், சிநேகிதர்களுக்கு விருந்து வைப்பதும் அந்த நான்கு வருஷத்தையும் தின்றுவிடும். பத்தாவது மட்டும் தேறிச் சேர்ந்தவர்களுக்குத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் பன்னிரண்டாவது சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறார்கள். அதை விடக் கூடாது. மோட்டார் ஓட்டுதல், கம்பியில்லாச் செய்தி, சமையல், கணக்கு, எது கற்கக் கிடைத்தாலும் கற்றுக்கொள். சேவா நிதி செலவாகலாம். கற்ற வித்தை செலவாகாது.

பிள்ளைகளுக்குச் சொன்னேன், தாய்மார்களுக்கும் இரண்டு வார்த்தை. பயிற்சிக் காலத்தில் கைப்பேசி எந்நேரமும் கையில் இராது. இரண்டு நாள் குரல் கேட்கவில்லையே என்று பதைக்க வேண்டாம். பேசக் கிடைக்கும் அந்தச் சில நிமிஷத்தில், "இளைத்துவிட்டாயா? அடிக்கிறார்களா? வந்துவிடுகிறாயா?" என்று கேட்காதீர்கள். கடைசிக் கேள்வி, பத்து மைல் ஓட்டத்தைவிட அதிகமாக அவன் கால்களைத் தளரச் செய்யும். பசு கன்று போட்டதையும், ஏரி நிரம்பியதையும், தங்கை பரீட்சையில் தேறியதையும் சொல்லுங்கள். வீடு இருந்த இடத்தில் இருக்கிறது என்ற நிச்சயம் அவனுக்குப் போதும்.

தந்தைமார்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. "நம் வீட்டு மானத்தைக் காப்பாற்று" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவன் முதுகில் ஏற்கெனவே சுமை அதிகம்.

புள்ளலூர் மருமகனுக்கு நான் கட்டிக் கொடுத்த மூட்டையில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, நகம் வெட்டி, ஊசி நூல், பொத்தான் ஒரு பொட்டலம், ஹிந்தி வார்த்தைகள் எழுதிய சிறு நோட்டுப் புத்தகம், தபால் தலை ஒட்டிய பத்து உறைகள் ஆகியவை இருந்தன. ஒவ்வோர் உறையிலும் அவன் தாயாரின் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். களைத்துப் போன ரங்ரூட்டுக்கு விலாசம் எழுதுவதுகூடப் பெரிய வேலை. உள்ளே ஒரு வரி எழுதினால் போதும்: "சௌக்கியம், இன்றைக்கும் ஓடினேன்."